பாவப் பட்டியலில் விடுபட்ட பாவம்

தவக்காலம் பிறந்துவிட்டால் திருச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும். மெயின்கார்டு கேட் லூர்து மாதா கோயில், பாலக்கரை சகாய மாதா கோயில், மேலப்புதூர் மரியன்னை பேராலயம், எங்கு போனாலும் அதே காட்சிதான். தொட்டிக்குள் சாமியார், நடுவே துளையிட்ட பலகை, மறுபக்கம் முழந்தாளிட்டவர். ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று பெயர் மாறிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் வயதானவர்கள் வாயில் அது இன்னும் பாவசங்கீர்த்தனம்தான். பிள்ளைகள் சொல்லும் பட்டியலும் மாறவில்லை: பொய் சொன்னேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை, பூசையில் பராக்குப் பார்த்தேன். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் கிடைக்கும்.

அந்த வயதானவர்கள் படித்த ஞானோபதேசத்தில் பாவத்துக்குத் தரம் பிரித்திருந்தார்கள். ஜென்மப் பாவம், கர்மப் பாவம் என்று முதல் பிரிவு. கர்மப் பாவத்துக்குள் சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டு. தலையான பாவங்கள் ஏழு. அவற்றில் அகங்காரம்தான் முதலில் வரும். இவை போக, பழிவாங்கும்படி வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று தனியாகச் சில. ஆபேலின் இரத்தம், எகிப்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் அழுகை, விதவையும் அநாதையும் இடும் ஓலம், கூலிக்காரனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு.

ஆக, பாவத்தில் பெரிது சிறிது உண்டா என்று கத்தோலிக்கரைக் கேட்டால் ‘உண்டு’ என்று உடனே பதில் வரும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவரிடம் கேட்டால் பெரும்பாலும் வேறு பதில் வரும்: “பாவம்னா பாவம்தான் பிரதர், அதுல என்ன சின்னது பெரிசு?” யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவார். சட்டம் முழுவதையும் கைக்கொண்டும் ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்கிற கருத்து அங்கே இருக்கிறது. சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பிரிவை 16-ம் நூற்றாண்டிலேயே கால்வின் மறுத்துவிட்டார். இருந்தும் அவர் வழி வந்தவர்கள் 1640-களில் வகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, எல்லாப் பாவமும் ஒரே அளவு கொடியது அல்ல என்றே சொல்கிறது. யார் செய்தது, யாருக்கு எதிராகச் செய்தது, தெரிந்து செய்ததா என்பதையெல்லாம் பார்த்துக் கனம் கூடும் என்று விளக்குகிறது.

சுவிசேஷங்களும் அப்படித்தான். பிலாத்துவின் முன் நின்ற இயேசு, தம்மை அவனிடம் ஒப்புவித்தவனுக்கே பெரிய பாவம் உண்டு என்கிறார். எஜமானின் விருப்பம் தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்கு அடி அதிகம், தெரியாதவனுக்குக் குறைவு என்கிறார் லூக்கா 12-ல். புதினாவிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை அவர் கண்டித்தது மத்தேயு 23-ல் இருக்கிறது.

‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதற்கு எடுத்துக்காட்டப்படும் யாக்கோபின் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். அது ஜெபக்கூடத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பதைப் பற்றியது. பொன் மோதிரத்தோடும் பளபளக்கும் உடையோடும் வருகிறவருக்கு நல்ல இடம். கந்தலோடு வருகிற ஏழைக்கு ஓரமாக நிற்க இடம், இல்லாவிட்டால் கால்மாட்டில். இப்படி ஆள் பார்த்து நடத்துவது பாவம் என்று ஒன்பதாம் வசனத்தில் அடித்துச் சொன்ன பிறகுதான், பத்தாம் வசனத்தில் ‘ஒன்றில் தவறினால்’ என்ற பேச்சு வருகிறது. மற்றக் கற்பனைகளைக் காப்பாற்றிக்கொண்டு இதை மட்டும் சில்லறைப் பாவம் என்று ஒதுக்கிவிடாதே என்பதுதான் அவர் விடுத்த எச்சரிக்கை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கென்றே எழுதிவைத்தது போன்ற அதிகாரம் இது.

ஏனென்றால், நம் கோயில்களில் உட்காரும் இடத்துக்குச் சுவரே கட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயில், 1872-ல் கட்டப்பட்டது. ஒரு பீடத்தில் போய்ச் சேரும் இரண்டு நீண்ட கூடங்கள், சாதிக்கு ஒன்று. பார்ப்பதற்குக் கால்சட்டை போல இருக்கும். ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் மட்டும் தடுப்பு. 1910-ல் அங்கே பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். தங்கள் தனியிடத்தைத் திரும்பக் கேட்டு ஒரு சாரார் வழக்குப் போட்டார்கள். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-ல்தான் பிரிந்தது. அதுவரை அந்தப் பகுதி திருச்சி ஆயரின் ஆளுகையில் இருந்ததால், திருச்சி ஆயர் பார்த்தின் பெயரிலேயே வழக்கு நடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும், கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிட உரிமை கிடையாது என்றுதான் தீர்ப்பானது.

சீர்திருத்தச் சபைகளிலும் இதே சண்டை நடந்தது. அங்கே சண்டையே பாவத்தின் கனத்தைப் பற்றித்தான். 1826 ஏப்ரல் 3-ம் தேதி திருச்சியில் குளிக்கும்போது இறந்து, இங்கேயே புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட பிஷப் ஹீபர், சாதியைப் பெரும்பாலும் உலக வழக்கமாகப் பார்த்தார். பக்குவமாகக் கையாளலாம் என்பது அவர் எண்ணம். அவருக்குப் பின் கல்கத்தா பிஷப்பாக வந்த டேனியல் வில்சன் 1833-ல் எழுதிய கடிதத்தில், சாதியைச் சபைகள் உடனே, அடியோடு, நிரந்தரமாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தக் கடிதத்தால் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஹீபர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வில்சன் பக்கம்தான் நியாயம்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால், இந்தக் கேள்வியை முன்பே கேட்டு விடையும் எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். பிள்ளை லோகாசாரியார். ஸ்ரீரங்கத்தின் மீது படையெடுப்பு நடந்தபோது நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனவர். தம் ஸ்ரீவசன பூஷணத்தில் குற்றங்களை ஒன்றைவிட ஒன்று கொடியதாக அடுக்குகிறார். செய்யத் தகாததைச் செய்வது, அதைவிடக் கொடியது பகவானுக்குச் செய்யும் அபசாரம், அதைவிடவும் கொடியது அவன் அடியாருக்குச் செய்யும் அபசாரம், கடைசியில் பொறுக்கவே முடியாத அபசாரம். அடியாருடைய பிறப்பை ஆராய்வது, சிலை எந்த உலோகம் என்று ஆராய்வதைவிடக் கொடுமை என்கிறார். உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் கல்லால் அடித்த கதையும், பிறகு தோளில் சுமந்து ரங்கனின் சன்னதிக்குள் கொண்டுபோன கதையும் வழங்குகிற ஊரில் இருந்து எழுதியவர் அவர். அந்த எழுத்தால் அங்கேயும் சாதி போய்விடவில்லை. ஆனாலும் எந்தக் குற்றத்தை எந்தப் படியில் வைப்பது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தடுமாற்றம் இல்லை. 1982-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை கூடியது இதே திருச்சியில்தான். சாதிக்கும் சாதி மனப்பான்மைக்கும் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பது, மனித மாண்பை மறுப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான பாவம் என்று ஆயர்கள் ஒளிவுமறைவில்லாமல் அறிவித்தார்கள். 2003-ல் தமிழக ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் ஜான் பால் பாப்பரசரும் இதையே நினைவுபடுத்தினார். 2016-ல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கென்று ஆயர் பேரவை தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஆனால் அதே திருச்சியில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. தலித் கிறிஸ்தவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துவைத்த சுவர் அது. அதை இடிக்கச் சொல்லி தலித் அமைப்புகளும் பெரியார் இயக்கத்தாரும் போராடினார்கள்; பத்திரிகைகளும் எழுதின. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக எல்லோரும் சொல்வது ஒரே ஜெபத்தைத்தான். அதைச் சொல்லிக்கொண்டே, பக்கத்தில் கிடப்பவர் எந்தச் சாதி என்று பார்ப்பது எப்படி முடிகிறது?

1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், ஒரு பாவம் சாவான பாவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறது. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும். முழு அறிவோடு செய்திருக்க வேண்டும். முழுச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். சாதி கனமான விஷயம் என்று ஆயர்களே சொல்லியாயிற்று. அது சொல்லி நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டதால், தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. மீதி இருப்பது சம்மதம். “நானா கட்டினேன்? எங்க தாத்தா காலத்துச் சுவரு. ஊர் வழக்கத்தை நான் எப்படி மாத்துறது?” என்பார்கள். இதற்கும் அதே நூலில் பதில் இருக்கிறது. தடுக்கக் கடமைப்பட்டவர் தடுக்காமல் இருந்தாலும், தீமை செய்தவரைக் காப்பாற்றினாலும், அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பங்குப் பேரவையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரத்துக்கு ‘ஆர்.சி.’ என்ற எழுத்தை அடுத்துச் சாதியை எழுதிக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். படிக்கிற உங்களுக்கும் எழுதுகிற எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பல பங்குகளில் ஆன்ம சோதனைக்காகக் கேள்விகள் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குத் தவறினாயா, சுத்த போசனம் அனுசரித்தாயா என்றெல்லாம் அதில் இருக்கும். இந்தத் தவக்காலத்தில் அதில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கும்படி பங்குத்தந்தையர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாரையாவது சாதி பார்த்து ஒதுக்கினாயா? ஒதுக்குவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தாயா? பங்குப் பேரவைகளும் அடுத்த கூட்டத்தில் கல்லறைச் சுவரை முதல் பொருளாக எடுத்து, இடிக்கும் தேதியைக் குறிக்கட்டும்.