செஸ் பணத்துக்குக் கணக்கு கேட்போம்

டிராக்டருக்கு டீசல் போடுறோமே, அதிலும் விவசாயத்தின் பேரில் ஒரு வரி இருக்கு. 2021 பட்ஜெட்டில் லிட்டருக்கு 4 ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் போட்டாங்க. செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது.

நான் வங்கியில் இருந்தப்ப, கிணறு வெட்டக் கடன் கொடுத்தா, கிணறு வெட்டியாச்சான்னு நேரில் போய்ப் பார்ப்போம். செஸ்ஸுக்கு அப்படிப் பார்க்க வேண்டியது நாடாளுமன்றம். வசூல் முதலில் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் உரிய நிதிக்கு மாறும்.

இந்த செஸ் வருவதற்கு முன்பே, 2018-19இல், செஸ் உள்ளிட்ட 35 இனங்களில் வசூலான சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாயில் 1.64 லட்சம் கோடிதான் அப்படி மாறியது என்றது மத்திய தணிக்கை அறிக்கை. அதை ஆராயத்தான் பொதுக் கணக்குக் குழு இருக்கு.

ஓட்டு கேட்டு வர்ற எம்.பி.கிட்ட கேளுங்க: "எங்க பேரைச் சொல்லி வாங்கின பணம், எங்க வேலைக்கு எவ்வளவு வந்துச்சு?"