பள்ளிக்குள் ஒரு வாக்குச்சாவடி

மாதிரித் தேர்தல் என்பது உண்மையான தேர்தலின் நடைமுறைகளை வாக்காளர் பட்டியலிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை மாணவர்களே செய்து பார்க்கும் பயிற்சி. வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கச் சொல்வது இதில் சேராது. கை தூக்கும்போது யாருடைய ஓட்டு யாருக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ரகசியம் இல்லாத இடத்தில் நட்பும் பயமும்தான் ஓட்டுப் போடும். இந்தியத் தேர்தல் ஆணையம் 2018 ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று, பள்ளி கல்லூரிகளில் வாக்காளர் கல்விக்கென மாணவர் மன்றங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாதிரி வாக்குப்பதிவும் அந்த மன்றங்களுக்கு உரிய வேலைதான்.

முதலில் எதற்காகத் தேர்தல் என்று முடிவு செய்ய வேண்டும். உண்மையான கட்சிகளின் பெயரில் நடத்தினால் வீட்டுச் சண்டை வகுப்புக்கு வந்துவிடும். கற்பனைக் கட்சிகளும், மாணவர்களுக்கே அக்கறையுள்ள பிரச்சினைகளும் போதும். நூலகத்தை மாலையிலும் திறந்து வைப்பதா, விளையாட்டுப் பாடவேளையைக் கூட்டுவதா என்ற கேள்வி எழுந்தால் அறிக்கை எழுதவும் எதிர்க்கேள்வி கேட்கவும் விஷயம் கிடைத்துவிடும்.

அடுத்து வாக்காளர் பட்டியல். வருகைப் பதிவேட்டை அப்படியே நகலெடுக்காமல் வரைவுப் பட்டியலாக அறிவிப்புப் பலகையில் ஒட்டி, விடுபட்டவர்கள் பெயர் சேர்க்கவும் பள்ளி மாறிப் போனவர்களின் பெயரை நீக்கவும் இரண்டு நாள் அவகாசம் தரலாம். வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்து வேண்டும். சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். மாணவர்களிடம் சுயேச்சை விதியை வைத்தாலே விளையாட்டுக்கு மனு போடுபவர்கள் குறைந்துவிடுவார்கள். டெபாசிட் வைக்கப்பட்டதும் இதற்காகத்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. அப்போது டெபாசிட் பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாய்தான். இன்று அது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. பள்ளியில் பணம் வேண்டாம், நூலகத்துக்கு ஒரு பழைய புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரசாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய வேண்டும், வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பவை உண்மையான விதிகள். பள்ளிக்கூட அளவுக்கு இவற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். மிட்டாய் கொடுத்து ஓட்டுக் கேட்பவர் எப்படியும் ஒருவர் இருப்பார். அவர் மீதான புகாரை விசாரிப்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

வாக்குப்பதிவு நாள்தான் முழுக் கவனமும் கோருவது. ஒரு வாக்குச்சாவடியில் தலைமை அலுவலரும் மூன்று வாக்குப்பதிவு அலுவலர்களும் வழக்கமாக இருப்பார்கள். முதலாமவர் அடையாள அட்டையைப் பார்த்து, வாக்காளரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வேட்பாளரின் பூத் ஏஜென்ட்டும் தன் கையிலுள்ள பட்டியலோடு அதை ஒப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உரத்த குரல். இரண்டாமவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை வாக்களிக்கத் தயார்ப்படுத்துவார். மைசூருவில் தயாராகும் அழியாத மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். பள்ளியில் அதற்குப் பதில் மார்க்கர் பேனா போதும்.

சிக்கல்களையும் வேண்டுமென்றே ஏற்படுத்திப் பார்ப்பது நல்லது. வந்தவர் உண்மையான வாக்காளர்தானா என்று ஏஜென்ட் சந்தேகப்பட்டால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். தன் பெயரில் வேறொருவர் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டார் என்று வருபவருக்கு 49-பி விதிப்படி தனி வாக்குச்சீட்டு தரப்படும். ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த விதி இது. அந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படும், எண்ணிக்கையில் சேராது. நேரம் முடிந்த பிறகும் வரிசை நீண்டிருந்தால் டோக்கன் கொடுப்பார்கள். அதையும் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து முன்னோக்கிக் கொடுத்து வருவார்கள். புதிதாக ஒருவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள முடியாது.

கைபேசிச் செயலியை வாக்குப்பதிவு இயந்திரமாகப் பயன்படுத்தும் பள்ளிகள் உண்டு. அப்படிச் செய்தால் முன்னோட்டம் கட்டாயம் தேவை. உண்மையான தேர்தலில் வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்ட்டுகள் எதிரில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, முடிவைச் சரிபார்த்து, அவற்றை அழித்த பிறகுதான் இயந்திரத்துக்குச் சீல் வைக்கிறார்கள். ஆனாலும் முதல்முறை நடத்துபவர்களுக்குக் காகிதச் சீட்டே மேல். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. வாக்குச்சீட்டில் குத்தும் முத்திரை அம்புக்குறிகள் குறுக்காக வளைந்த வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்துச் சின்னத்தில் ஒட்டினால் அது தலைகீழாய், கண்ணாடிப் பிம்பமாய்த் தெரியும். குத்தியது எது, ஒட்டியது எது என்று பிரித்துவிடலாம். சாதாரணப் பெருக்கல் குறியில் இந்த வசதி கிடையாது.

எண்ணுவதற்கு முன் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களின் எண்ணிக்கையும் பெட்டியில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். ஒரு சீட்டுக் கூடினாலும் குறைந்தாலும் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். செல்லாத சீட்டுகளை ஏஜென்ட்டுகளிடம் காட்டிவிட்டே ஒதுக்க வேண்டும். மொத்தச் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு டெபாசிட் போய்விடும்: 600 ஓட்டில் சரியாக 100 வாங்கியவரும் இழப்பார், 101 வேண்டும். 2013-இல் வந்த நோட்டா இந்தக் கணக்கில் சேராது. நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர் வென்றவராவார். இருவர் சம ஓட்டு வாங்கினால் சீட்டுக் குலுக்கல்தான். குலுக்கலில் பெயர் வந்தவர் கூடுதலாக ஒரு ஓட்டுப் பெற்றதாகச் சட்டம் கருதுகிறது.

வேட்பாளராக நிற்பவர்கள் நாலைந்து பேர். அலுவலர், ஏஜென்ட், எண்ணுபவர், புகார் விசாரிப்பவர் என்று பார்த்தால் முப்பது நாற்பது பேருக்கு வேலை இருக்கிறது. கூச்ச சுபாவமுள்ள மாணவர்களுக்கு இந்த வேலைகள்தான் பொருத்தம். தோற்றவரின் ஏஜென்ட் முடிவுத்தாளில் மனமார்ந்து கையெழுத்துப் போட்டால் தேர்தல் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாக்களிக்கும் வயது 1989-இல் 21-லிருந்து 18 ஆனது. இப்போது 17 வயது நிறைந்தவர்களே படிவம் 6 மூலம் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எப்போது 18 நிறைகிறதோ அதற்கேற்பப் பெயர் பட்டியலில் ஏறும். மேல்நிலை வகுப்பு உள்ள பள்ளிகள் மாதிரித் தேர்தல் நாளன்றே அந்தப் படிவத்தையும் மேஜையில் வைத்திருக்கலாம்.