விட்டுப்போன எண்ணை விட்டுவிடுங்கள்

வானொலியில் வாய் தவறுவது சகஜம். சில ஆண்டுகளுக்கு முன், காலை நிகழ்ச்சியில் ஒரு நேயரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். நானும் சிரித்தேன். ஆனால், பாடல் ஒலிக்கத் தொடங்கியதும் மனம் அந்தத் தவற்றுக்கே திரும்பியது. ‘இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் எதற்கு இந்த வேலைக்கு வந்தாய்?’

அடுத்த நாளும் அதே கேள்வி, அடுத்த மாதமும் அதே கேள்வி. தூக்கம் போனது. அம்மா வைத்த மீன்குழம்புகூட ருசிக்கவில்லை. ஒலிவாங்கியின் முன் மட்டும் என் குரல் உற்சாகமாகவே இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னார்: மனச்சோர்வு. சிங்கப்பூரில் 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாவதாக மனநலக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். மனம் அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை. மருந்தோடு எனக்குத் தரப்பட்ட இரண்டு பயிற்சிகளும் இந்தப் பழக்கத்தைக் குறிவைத்தவை.

முதலாவது, ‘மைண்ட்ஃபுல்னஸ்’. மூச்சைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடினால் திட்டாமல் திரும்ப அழைத்துவர வேண்டும். சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவர் இதை 8 வாரச் சிகிச்சையாக வடிவமைத்தனர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பை இது குறைப்பதாக 2000ல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

இரண்டாவது, கணினிப் பயிற்சி. எண்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். புதிய எண்ணை அதற்கு முந்திய எண்ணோடு கூட்ட வேண்டும். 3, 5 என்றால் 8. அடுத்து 2 வந்தால் 7. சரியாகச் சொன்னால் வேகம் கூடும், தடுமாறினால் குறையும். எளிதாகத் தோன்றும். ஆனால், ஓர் எண்ணைத் தவறவிட்டு ‘அடடா’ என்று வருந்தினால் அடுத்த எண்ணும் போய்விடும். விட்டதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். என் நோய்க்கு வேண்டியதும் அதுதானே!

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரெக் சீகல் குழு இந்த எண் பயிற்சியையும், சுற்றியுள்ள ஒலிகளில் கவனத்தை நிறுத்தும் பயிற்சியையும் வழக்கமான சிகிச்சையோடு இரண்டு வாரங்கள் சேர்த்துக் கொடுத்தது. நோயாளிகளின் சோர்வும் அசைபோடலும் குறைந்ததாக 2007ல் அறிவித்தது.

இவை துணைப் பயிற்சிகள். கைப்பேசி விளையாட்டை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். தாங்க முடியாத நேரத்தில் 1767 என்ற எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் காது கொடுப்பார்கள்.

போன வாரம் மீண்டும் ஒரு பெயரைத் தவறாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். அடுத்த பாடல் ஒலித்தது. இம்முறை அந்தப் பாடலைக் கடைசிவரை கேட்டேன்.