உஷார்! 'சீனிக்காரி, சீனி குடுக்காதீங்க' என்று தடுக்காதீர்கள்

கொழுந்து மலையில் நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கை நடுங்குகிறது. குப்பென்று வேர்க்கிறது. பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுகிறார். அவருக்கு நீரிழிவு என்பது பக்கத்தில் பறிப்பவர்களுக்குத் தெரியும். ஒருவர் இனிப்புத் தேத்தண்ணியை நீட்ட, இன்னொருவர் பதறிப்போய், "ஐயோ, அவ சீனிக்காரி! சீனி குடுக்காதீங்க!" என்று தடுக்கிறார். அக்கறையில் வரும் அந்தத் தடை உயிரையே எடுத்துவிடலாம். பெரகல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல, கொஸ்லந்த தோட்டங்களில் நீரிழிவுக்காரர் இருக்கிற ஒவ்வொரு லயத்துக்கும் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

நடப்பது இதுதான். காலைப் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு, ரொட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாத்திரைகளும் இன்சுலினும் வயிறு காலியா நிறைந்ததா என்று பார்க்காது, இரத்தத்தில் இருக்கும் சீனியை இறக்கிக்கொண்டே போகும். செங்குத்து மலையில் கூடை சுமக்கும் உடம்பும் தன் பங்குக்கு எரிக்கும். இரத்தச் சீனி அளவு 70 mg/dLக்குக் கீழே போனால் ஆபத்து. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி ஆவது அரிது. அதனால் வீட்டார் இன்றைக்கே கிளினிக் கொப்பியைப் புரட்டி, என்ன மருந்து என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். சாப்பிட முடியாத காலையில் மாத்திரையை எப்போது போடுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, "சீனி வருத்தக்காரர், மயங்கிட்டார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆண்கள் இப்படித் தள்ளாடினால் 'குடிச்சிருக்கான்' என்று விட்டுவிட்டுப் போகிற கொடுமையும் நடக்கிறது. தயவுசெய்து விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சீனி கூடிப்போகிற மற்றப் பக்கமும் சின்ன ஆபத்தில்லை. 2005–06இல் இலங்கையில் வடக்கு, கிழக்கு தவிர்ந்த மாகாணங்களில் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குமேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. நம் வீடுகளில் தேத்தண்ணி மறுப்பது மரியாதைக் குறைவு. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் நாற்பது கிராமுக்குமேல் சீனி உள்ளே போகிறது. சீனியை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர் கித்துள் பாணிக்கும் கருப்பட்டிக்கும் மாறியிருப்பார். அதுவும் சீனிதான். இனிக்காத கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் கோதுமை ரொட்டியும் ஏமாற்றும்: 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாப்பொருள், அவ்வளவும் உடம்பில் சீனியாகத்தான் மாறும். குரக்கன் ரொட்டி கொஞ்சம் மேல் என்றாலும், எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்ற நம்பிக்கை தவறு.

இதையெல்லாம் மாமியாரிடமும் மச்சானிடமும் யார் சொல்வது? நோயாளிதான் சொல்லியாக வேண்டும், வெட்கப்படாமல். "மாமி, நான் பட்டினி கிடக்கக் கூடாது. ரெண்டு ரொட்டி போதும், மரக்கறி கூட வைங்க. தேத்தண்ணி சீனி இல்லாம தாங்க. ஆனா நான் நடுங்கினா மட்டும் சீனித் தண்ணி உடனே தாங்க." இந்த நாலு வரியையும் வீட்டில் எல்லாருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, பாடமாக்கிவிடுங்கள்.

உறவினர்களே, உங்கள் பங்கும் இருக்கிறது. தீபாவளிப் பலகாரத்தை "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று வாயில் திணிக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் "உனக்குத்தான் சீனியாச்சே" என்று கையைத் தட்டியும் விடாதீர்கள். அப்படி அவமானப்பட்டவர் பிறகு ஒளித்துத் தின்பார், அல்லது நோயையே ஒளிப்பார். பார்க்க வரும்போது பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாக முட்டை, அவித்த கடலை, கச்சான், கொய்யா கொண்டு வாருங்கள். சோடா வாங்குகிறவர் போத்தலில் இருக்கும் நிற வட்டத்தைப் பாருங்கள், 2016 முதல் போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம். பாகற்காய்ச் சாறு, கொத்தலாஹிம்புட்டு என்று கேள்விப்பட்டதைச் சொல்லி மாத்திரையை நிறுத்த வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது.

மழைக்காலம் வந்தால் பெரகலயிலிருந்து வெல்லவாய இறங்கும் வீதி மண்சரிந்து அடைபடும். தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ பதுளைக்கோ நினைத்த நேரத்தில் போக முடியாது. கிளினிக் மாத்திரை தீருகிற கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். மலைக்குப் போகிறவர் மடியில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று கூடப் பறிக்கும் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.