முப்பத்தொண்டு முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்

பிள்ளை பிறந்து நாலைந்து மாதமாகியும் தொடர்மாடிப் படியேற முடியாமல், கட்டிலில் மறுபக்கம் புரள முடியாமல், ஒரு காலில் நின்று உடுப்பு மாற்ற முடியாமல் இருக்கும் தாய்மாரை வெள்ளவத்தையில் அடிக்கடி காண்கிறேன். "பேறு கொஞ்சம் கஷ்டமாப் போச்சு, அதுதான் இடுப்பு நோ" என்பார்கள். "எனக்கும் இருந்தது, பத்தியம் காத்தால் சரிவரும்" என்று மாமியார் முடித்துவைப்பார். வெளிநாட்டிலிருந்து அக்கா ஒரு எண்ணெயின் பெயரை அனுப்புவார். வைத்தியசாலை கொடுத்த டயக்னோசிஸ் காட்டை மட்டும் யாரும் எடுத்து வாசிப்பதில்லை. பிள்ளைக்கு ஒரு வயது கடந்தபின் ஒருநாள், "அண்டைக்கு என்னைக் கேட்காமல் செய்தார்கள், முறையிடலாமா?" என்று விசாரிப்பார்கள். அதற்குள் செய்யக்கூடிய பலவற்றுக்கு நாள் கடந்திருக்கும்.

முதலில் நோவைப் பற்றி. பேற்றுக்குப் பின் சில நாள் உடம்பு நோவது இயல்பு. நாளுக்கு நாள் குறையாமல் நிற்கும் நோ இயல்பல்ல. இரண்டு இடுப்பெலும்புகளும் முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மூட்டில் சந்திக்கின்றன. சாதாரணமாக அங்கே நாலைந்து மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். கர்ப்பகாலத்தில் அது இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடும். 10 மில்லிமீற்றருக்கு மேல் போனால் மூட்டு விலகிவிட்டது என்று பொருள். பெரிய பிள்ளை, ஆயுதம் போட்டு எடுத்த பேறு, மிக வேகமாக நடந்த பேறு, தொடைகளை அளவுக்கு மீறி அகட்டிப் பிடித்தது ஆகியவை இதற்குக் காரணமாகலாம். முதுகில் ஊசி போட்டு மரத்திருந்தால் எந்த அளவுக்கு அகட்டுகிறார்கள் என்பதே தாய்க்குத் தெரியாது. முன்னெலும்பில் தொட்டால் நோ, நடக்கும்போது 'கிளிக்' என்ற சத்தம், வாத்து நடை ஆகியவை இதன் அடையாளங்கள்.

இருக்கும்போது மட்டும் குத்தினால் வால் எலும்பு அடிபட்டிருக்கலாம். கால்களை நெடுநேரம் உயர்த்திக் கட்டிவைத்ததில் நரம்பு அழுந்தி, தொடை மரத்துப்போவதும் பாதத்தைத் தூக்க முடியாமல் போவதும் உண்டு. காற்றையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால், கிழிசல் மலவாய்த் தசைவரை போயிருக்கக்கூடும். வெட்கத்தில் இதை மறைப்பவர்களே அதிகம். மறைக்க வேண்டாம். உரிய நேரத்தில் கண்டால் திருத்தலாம்.

காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, நிற்காத இரத்தப்போக்கு, சிறுநீர் போகாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது, காலை ஊன்றவே முடியாமை: இவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இவை இல்லாமல் நோ மட்டும் தொடர்ந்தால், பேறு நடந்த இடத்தின் பிரசவத்துக்குப் பின்னான கிளினிக்குக்கே போங்கள். "இடுப்பு நோ" என்று பொதுவாகச் சொல்லாமல் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். "இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? பிசியோதெரபிக்குக் கடிதம் தருவீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் பால் கொடுக்கக் கூடாது என்பது வெறும் பயம். மூட்டு விலகிய பெண்களில் பெரும்பாலோர் இடுப்புப் பட்டி, பிசியோதெரபி, நோ மருந்து ஆகியவற்றாலேயே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அதுவரை இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்தே புரள வேண்டும், இருந்தே உடுக்க வேண்டும். எக்ஸ்ரே பார்க்காமல் முறிவு நெறிவு வைத்தியரிடம் போய் இழுத்து உருவ விடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், இழுக்க விடாதீர்கள்.

வெள்ளவத்தைக்கென்றே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "நாங்கள் பிரைவேற்றில் சனல் பண்ணுறம், மிட்வைஃப் எதுக்கு?" என்று குடும்பநல மருத்துவமாதிடம் பதியாமல் விடுகிறார்கள். பதிந்தால் முதல் பத்து நாளுக்குள்ளேயே அவர் வீடு தேடி வருவார், ஆறாம் வாரமளவில் மீண்டும் பார்ப்பார். காசு கொடுத்தாலும் சனல் பண்ணும் வைத்தியர் வீட்டுக்கு வரமாட்டார். கொழும்பு மாநகரசபைத் தாய் சேய் கிளினிக்கில் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பதியுங்கள்.

இனி சம்மதம். அனுமதியின்போது ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். அது எல்லாவற்றுக்குமான அனுமதிச்சீட்டு அல்ல. உள்ளே கைவிட்டுப் பார்ப்பது, வெட்டுவது, ஆயுதம் போடுவது ஒவ்வொன்றும் செய்யமுன் சொல்லப்பட வேண்டும். பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் மொன்ட்கொமரி வழக்கில் இதைத் தெளிவாக்கியது. நீரிழிவுள்ள, சிறிய உடலமைப்புள்ள ஒரு தாய்க்குப் பிள்ளையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் இருந்தது. வைத்தியர் அதைச் சொல்லவில்லை. அந்த நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கர்ப்பகாலச் சீனி நம்மிடம் எவ்வளவு சாதாரணம் என்று எண்ணிப்பாருங்கள்.

பேற்று நிலையும் சம்மதத்துக்குள் அடங்கும். மல்லாந்து கால்களை உயர்த்திக் கிடப்பது பார்ப்பவருக்கு வசதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், குத்து வரும் நேரத்தில் நடமாடவும், முக்கும் நேரத்தில் தான் விரும்பும் நிலையைத் தேரவும் தாய்க்கு இடம் கொடுக்கச் சொல்கின்றன. எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவதையும், வயிற்றின் மேல் அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதையும் அவை பரிந்துரைக்கவில்லை. விரும்பிய துணை ஒருவர் கூட இருப்பதைப் பரிந்துரைக்கின்றன. நிமிர்ந்த நிலையில் ஆயுதப் பேறும் வெட்டும் குறைகின்றன, இரத்தப்போக்கு சற்றுக் கூடலாம். இரண்டையும் சொல்லித் தாயிடம் கேட்பதுதான் சம்மதம். இடுப்பு நோ உள்ளவருக்கு ஒருக்களித்த நிலையும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையும் பெரும்பாலும் சுகம்.

அவசரத்தை இதோடு குழப்பக் கூடாது. பிள்ளையின் தோள் சிக்கினால் சில நிமிடங்களே உண்டு. இருவர் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடிப்பார்கள். அது உயிர்காக்கும் முறை, அங்கே விளக்கம் கேட்டு நிற்க முடியாது. ஆனால் பின்னர் விளக்கம் தர வேண்டியது வைத்தியசாலையின் கடமை. அதைக் கேட்க வேண்டியது உங்கள் வேலை.

மொழி இன்னொரு சுவர். கொழும்பு மாவட்ட அரச வைத்தியசாலைகளில் தினுஷா பெரேராவும் சகாக்களும் தாய்மாரையும் மருத்துவமாதரையும் கேட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஏச்சும் அவமதிப்பும் அங்கே நடப்பதைப் பதிவுசெய்தது. தமிழ், முஸ்லிம் பெண்கள் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதும் அதில் தெரிந்தது. சிங்களம் தெரியாத பெண்ணிடம் "முக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லப்படாவிட்டால், அங்கே எந்தச் சம்மதமும் கிடையாது. அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. விடுதியில் வேலைப்பளு அதிகம் என்பது எனக்கும் தெரியும். அது ஏசுவதற்கு அனுமதி ஆகாது.

ஆகவே கர்ப்பகாலத்திலேயே இடுப்பு நோ இருந்தால், 36ஆம் வாரத்துக்குள் ஒரு தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி எழுதி, கிளினிக் வைத்தியரிடம் காட்டி, கர்ப்பகாலப் பதிவேட்டோடு இணைத்து வையுங்கள். "எனக்கு இடுப்பெலும்பு நோ உண்டு." "முழங்கால்களை நோவில்லாமல் இத்தனை சென்ரிமீற்றர்தான் அகட்ட முடியும்" (வீட்டிலேயே அளந்து பாருங்கள்). "கால்களை உயர்த்தினால் இரண்டையும் ஒன்றாக உயர்த்தி, ஒன்றாக இறக்குங்கள்." "வெட்டுமுன் எனக்குச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். இரண்டு பக்கக் கடிதத்தைப் பேற்று அறையில் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

இப்போது காகிதம். மக்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

வீடு திரும்பும் நாளில் டயக்னோசிஸ் காட்டை விடுதியிலேயே நின்று வாசியுங்கள். சாதாரண பேறா, வாக்கூமா, ஆயுதமா? வெட்டா, கிழிசலா, கிழிசல் எத்தனையாம் தரம்? பிள்ளையின் நிறை? தோள் சிக்கியதா? இவற்றில் விடுபட்டதை அங்கேயே எழுதித் தரக் கேளுங்கள். அன்றிரவே, நடந்ததை நேரவாரியாக ஒரு கொப்பியில் தாயோ கூட இருந்தவரோ எழுதித் திகதியிடட்டும்.

முழு விபரமும் இருப்பது பி.எச்.ரி. எனப்படும் பெட் ஹெட் ரிக்கெற்றில். அது வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். அதைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச வைத்தியசாலையின் "தகவல் உத்தியோகத்தர்" என்று முகவரியிட்டு, பெயர், அடையாள அட்டை இலக்கம், விடுதி இலக்கம், அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, டயக்னோசிஸ் காட்டில் உள்ள பி.எச்.ரி. இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். "என் கோப்பு" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பி.எச்.ரி. முழுவதும், பேற்றின் போக்கைக் காட்டும் பார்ட்டோகிராம், தாதியர் குறிப்புகள், சம்மதப் படிவம், பேற்று அறைப் பதிவேட்டில் உங்களுக்குரிய பதிவு என்று ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிக் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளை உரியவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. எனவே "என் பதிவுகளை எனக்குத் தரச் சம்மதிக்கிறேன்" என்று தாயே கையொப்பமிட்டு இணைக்க வேண்டும். கணவரின் கையொப்பம் போதாது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நேரில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதிவுகளைக் கேட்டு எழுதும் அதே வாரத்தில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு முறைப்பாடு எழுதி, பிரதியைச் சுகாதார அமைச்சின் செயலாளருக்கு அனுப்புங்கள். தனியார் வைத்தியசாலையானால் கோப்பை அதன் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். முறைப்பாடு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்குப் போகும். குறிப்பிட்ட வைத்தியர் அல்லது மருத்துவமாது மீதான முறைப்பாட்டை, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக்கி இலங்கை மருத்துவ சபைக்குக் கொடுங்கள். தாதியருக்குத் தனிச் சபை உண்டு.

அரச வைத்தியசாலையில் இழிவாக நடத்தப்பட்டிருந்தால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கான காலம் ஒரு மாதம். ஒரே ஒரு மாதம். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "முப்பத்தொண்டு முடியட்டும், துடக்குக் கழியட்டும், பிறகு பார்ப்பம்" என்கிறார்கள். துடக்குக் கழிகிற அன்று சட்டத்தின் கதவும் சாத்தப்படுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த மாதத்தில் சேராது. முறைப்பாட்டை ஏற்பதும் விசாரணை தொடங்குவதும் ஒன்றல்ல, ஆகவே சட்டத்தரணி ஒருவரையும் அதே நாட்களில் பாருங்கள். ஆணைக்குழு இருப்பது பம்பலப்பிட்டியில், ஆர்.ஏ. டி மெல் மாவத்தை 14ஆம் இலக்கத்தில், வெள்ளவத்தையிலிருந்து சில பஸ் தரிப்பு தூரம். தொலைபேசி 1996. தாய் வரத் தேவையில்லை, அவர் சார்பில் இன்னொருவர் முறையிடலாம். கணவரோ தகப்பனோ போகட்டும். பி.எச்.ரி. பிரதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதைப் பின்னர் சேர்க்கலாம்.

நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு உண்டு. அங்கே கோபம் சாட்சியாகாது. ஒரு குழந்தையின் மரணம் தொடர்பான பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில், கவனயீனம் நிறுவப்பட்டும், மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி 2001இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது. உங்கள் இடுப்பு மூட்டு விலகியதற்கும் அன்றைய பேற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது அந்த நாட்களில் எடுத்த எக்ஸ்ரேயும் பி.எச்.ரி.யும்தான். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். அன்றைய நினைவு வந்து நித்திரை குழம்பினால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

"எங்களுக்கு வழக்கு வேண்டாம், பிரச்சினை வேண்டாம்" என்பவர்களுக்கும் இந்தக் காகிதங்கள் தேவை. அடுத்த கர்ப்பத்தில் புதிய வைத்தியர் உங்களை முதன்முதலாகப் பார்க்கும்போது, போன தடவை என்ன நடந்தது என்று கேட்பார். "கொஞ்சம் கஷ்டப்பட்டது டொக்டர்" என்ற பதிலை வைத்து அவர் எதையும் தீர்மானிக்க முடியாது. கிழிசலின் தரம், மூட்டின் இடைவெளி, பிள்ளையின் நிறை ஆகியவை எழுதப்பட்ட தாளை மேசையில் வையுங்கள். சாதாரண பேறா, சத்திரசிகிச்சையா, எந்த நிலையில் பேறு என்ற பேச்சு அதிலிருந்துதான் தொடங்க முடியும்.