கார் வண்ணப்பூச்சில் சுழல் கீறல்களை நீக்குதல்

சுழல் கீறல்கள் என்பவை காரின் மேற்பூச்சில் ஏற்படும் மிக நுண்ணிய கீறல்கள் ஆகும். நிழலில் புலப்படாத இவை, வெயிலிலும் தெருவிளக்கின் கீழும் சிலந்தி வலை போலத் தெரியும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறக் கார்களில் எளிதில் கண்ணில் படும். ஆழமற்ற கீறல்களை வீட்டிலேயே பெருமளவு குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மேற்பூச்சு சிறிது தேய்கிறது. தேய்ந்தது திரும்ப வராது.

பூச்சின் அமைப்பு

இன்றைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. சுழல் கீறல்கள் பெரும்பாலும் கிளியர் கோட்டில்தான் இருக்கும். இதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகலெடுக்கும் தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான். கிளியர் கோட் அதில் பாதிக்கு மேல் இராது. நிறத்தை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பது இந்த அடுக்கே. இது முற்றும் தேய்ந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

வட்டமாகத் தெரிவது ஏன்?

கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் உள்ளன. பிரதிபலிக்கும் ஒளிப்புள்ளியைச் சுற்றி வளைந்த திசையில் அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. அதனால் வட்டங்கள் போலத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வட்டங்களும் நகரும். தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கொளியில் பிடித்தும் இதைக் காணலாம்.

காரணங்கள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய நூம்பல், வேலப்பன்சாவடி போன்ற பகுதிகளில் வெளியில் நிறுத்தும் காரில் தூசி படிவது இயல்பு. தூசியில் கலந்துள்ள மணலின் முக்கியக் கூறான குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7 பெறுகிறது. கத்தி எஃகு ஏறத்தாழ 5.5 மட்டுமே. காலையில் உலர்ந்த துணியால் துடைப்பதும், ஒரே வாளி நீரில் துணியை நனைத்து நனைத்துக் கார் முழுவதையும் துடைப்பதும் இம்மணலைப் பூச்சின் மேல் இழுத்துக் கீறச் செய்கின்றன.

நீக்கும் முறை

1. கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டவும். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அதை வீட்டில் தேய்க்க வேண்டாம்.
2. காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிர்ந்தபின் கார் ஷாம்பூவால் கழுவி உலர்த்தவும்.
3. மென்மையான பாலிஷை முதலில் ஓர் அடிச் சதுர இடத்தில் மட்டும் சோதிக்கவும். கரடுமுரடான ரப்பிங் காம்பவுண்டில் தொடங்கக் கூடாது.
4. ஸ்பாஞ்சில் சிறிதளவு பாலிஷ் எடுத்து, மிதமான அழுத்தத்துடன் நேர்க்கோடுகளாகத் தேய்க்கவும். விளிம்புகளில் பூச்சு மெல்லியது, அங்கே தவிர்க்கவும்.
5. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் ஒளியில் பார்க்கவும். போதிய அளவு குறைந்திருந்தால் நிறுத்திவிட வேண்டும்.
6. இறுதியில் மெழுகு பூசவும்.

மெழுகு மட்டும் பூசினால் கீறல்கள் மறையுமே தவிர நீங்கா. மெழுகு கரைந்ததும் மீண்டும் தெரியும். பற்பசையால் தேய்ப்பது சரியான மாற்று அன்று. அதிலும் தேய்க்கும் துகள்கள் உண்டு, பூச்சு மங்கலாம். வேகமாகச் சுழலும் ரோட்டரி இயந்திரம், பழக்கமில்லாதவர் கையில் சில நொடிகளில் பூச்சைச் சூடேற்றிக் கெடுத்துவிடக்கூடும்.

தடுத்தல்

துடைப்பதற்கு முன் நிறைய நீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து கீழாகக் கழுவுவதும், சக்கரங்களுக்குத் தனித்துணி வைப்பதும் நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், அது காய்ந்து வெண்புள்ளிகள் படியுமுன் ஒற்றி எடுக்க வேண்டும். நீர் குறைவாக உள்ள நாளில் தூசியோடு துடைப்பதைவிட, துடைக்காமல் விடுவதே பூச்சுக்குப் பாதுகாப்பு.