எள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

பிப்ரவரி முதல் வாரத்தில் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் ஒரு மரம். அடியில் அவள் பெயர். மேலே பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுப்பாட்டி, எள்ளுப்பாட்டி வரை கட்டங்கள். தெரிந்தவரை நிரப்பி, மாதக் கடைசியில் நடக்கும் குடும்ப மரபு விழாவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை.

வேலை நிமித்தம் நாங்கள் அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு வந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. மகள் பள்ளியில் கறுப்பின வரலாற்று மாதமும் குடும்ப மரபு விழாவும் ஒரே மாலையில் நடக்கும்.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன். "உங்க பாட்டி பேரு என்னம்மா?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஆயான்னுதான் கூப்பிடுவோம். பேரு... ஞாபகம் இல்லையே." நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிய கிழவி. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம்.

விழா அன்று பள்ளி மண்டபம் முழுக்க மேசைகள். சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை, காராமணிச் சோறு, வெண்டைக்காய் போட்ட கம்போ. (வெண்டைக்காயைப் பார்த்ததும் மகளுக்கு ஒரே சந்தோஷம், குழம்பு என்றே நினைத்துவிட்டாள்.) அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்த காய் அது. கம்போ என்ற பெயரும் அந்தக் காய்க்கு ஆப்பிரிக்க மொழியில் இருந்த பெயர்தானாம்.

சுவரில் கார்ட்டர் உட்சனின் படம். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி, பின்னர் படித்து, 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1926இல் பிப்ரவரியில் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒதுக்கியவர் அவர். அந்த வாரம் 1976இல் மாதமானது.

மகளின் தோழியுடைய மரம் எங்கள் மரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஓர் இடத்தில் குறுக்கே சிவப்புக் கோடு; அருகில் 1870 என்ற எண். அதற்கு மேலே ஒன்றுமில்லை. தோழியின் பாட்டி பக்கத்தில் நின்று பொறுமையாக விளக்கினார். விடுதலை பெற்ற அடிமைகளின் பெயர்களை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு முதன்முதலில் எழுதியது 1870இல்தான். 1850, 1860 கணக்குகளில் முதலாளியின் பெயர் இருக்கும்; அதன்கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவே. "பத்து வயசுப் பொண்ணுன்னு ஒரு வரி இருக்கு. அது எங்க பாட்டியோட பாட்டியா, வேற யாரோவான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு எங்கள் தாளைப் பார்த்தார். காலிக் கட்டத்தில் விரலை வைத்து, "உங்க வீட்டிலும் பேரை அழிச்சிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தோட்டத்து வாழ்க்கையையும் அடிமை வாழ்க்கையையும் ஒன்றென்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்கள் ஆயா பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஆனாலும் அவரை யாரும் விற்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. பேசிய மொழியையும் பெயரையும் பறிக்கவில்லை. அவர் பெயரோடுதான் வந்தார். கேட்டு வைத்துக்கொள்ளாதது நாங்கள்.

"இல்லைங்க, நாங்கதான் கேக்கல" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்படின்னா இன்னும் கேக்கலாமே!"

இரவு பத்து மணிக்கு, அங்கே மறுநாள் பகல் பதினொன்று, தைப்பிங்கில் இருக்கும் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் ஆயா வெறும் ஆயாதான். ஆனால் அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது, அதில் ஆயாவின் சிவப்பு அடையாள அட்டை இருக்கலாம் என்றார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தேடி எடுத்து, பேரனிடம் கொடுத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டார்.

மங்கிய படம், மூக்குத்தி, நேராகப் பார்க்கும் கண்கள். பெயரை ஏதோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். வெள்ளையம்மா என்றும் படிக்கலாம், வள்ளியம்மா என்றும் படிக்கலாம். பெரியம்மாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இரண்டுமே கேட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்.

திங்கட்கிழமை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்.